சரிபார்த்தவர்: மு. சரஸ்வதி

மலையடிவார ஊரான அடி அண்ணாமலையில், முனுசாமியின் மகள் சரசு எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஊரில் யாரும் கேட்டதில்லை. கல்யாண வீட்டில் சாம்பாரை ஒரு வாய் வைத்ததும் "பருப்பு வேகல" என்பாள். புதுமனைக்குக் கூப்பிட்டால் மஞ்சள் குங்குமம் எடுத்துக்கொள்வதற்கு முன்பே "நெலப்படி கோணலா இருக்குதே" என்பாள். பருப்பு வெந்திருக்காது, நிலைப்படியும் கோணலாகத்தான் இருக்கும். அதுதான் யாராலும் பொறுக்க முடியாத சங்கதி. தப்பாகச் சொல்லியிருந்தால் வாய்க்கொழுப்பு என்று விட்டுத் தொலைத்திருப்பார்கள்.

இருபத்திரண்டு வயதில் செங்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், கதை மட்டும் அளப்பான். ஒரு புயலில் தான் தனியாளாக ஆம்பூர் வரைக்கும் லாரி ஓட்டிப் போன கதையை நாலு பேர் நடுவில் அவன் எடுத்துவிட்டபோது, சரசு சோறு பரிமாறிக்கொண்டே, "அந்தப் புயல் வந்தப்ப நீ ஏழாங்கிளாஸ் தான படிச்சிக்கினு இருந்த?" என்று கேட்டாள். எட்டாவது மாதம் பெட்டியோடு திரும்பி வந்தாள். என்னடி ஆச்சு என்று கேட்ட அண்ணி பொன்னியிடம் அவள் சொன்ன காரணம் ஒன்றுதான். "பொய் சொன்னாக்கூட பொறுத்துக்கலாம் அண்ணி. ஒரே பொய்ய ஒவ்வொரு வாட்டியும் வேற மாதிரி சொல்றான்."

அண்ணன் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை அவளுக்கு என்று ஆயிற்று. அங்கிருந்து பஸ் பிடித்து, தேரடித் தெருவில் ஒரு ஸ்டுடியோவுக்கு ஒன்பது வருஷம் வேலைக்குப் போனாள். அதைப் பற்றி அவளுக்கு இனிமையான நினைவு எதுவும் கிடையாது. இருட்டறை, மூக்கைச் சுளிக்க வைக்கும் மருந்து வாடை, தன் முகம் தன் முகத்தைப் போலவே வந்துவிட்டது என்று சண்டைக்கு வரும் ஜனங்கள். அங்கே கற்றுக்கொண்டதில் உருப்படியானது ஒரே ஒரு விஷயம். நெகட்டிவுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒன்று பளபளப்பு, ஒன்று மங்கல். பக்கம் மாற்றி வைத்தால் இடது வலதாகிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் அப்படி மாற்றி வைத்து, மாப்பிள்ளையின் வாட்ச் வலக்கைக்குத் தாவி, பெண்ணின் மச்சம் கன்னம் மாறி, ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். அதற்குப் பிறகு எந்தப் பக்கம் எது என்று அவளுடைய விரல் நுனியே சொல்லிவிடும்.

டிஜிட்டல் வந்தது, ஸ்டுடியோ கைமாறியது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். நடுவில் தபால் வழியில் பி.ஏ. வரலாறு முடித்தாள். எதற்குப் படித்தாய் என்று கேட்டால், "தேதி தப்பா எழுதறவங்கள திட்டறதுக்கு" என்பாள். திட்டவும் செய்தாள். மனு கொடுக்க வந்தவர்களின் காகிதத்தை நகல் எடுக்கும்போதே படித்துவிட்டு, "ஐயா, போன வருஷம் பட்டா கேட்டதா எழுதியிருக்கீங்க, கீழ தேதி அதுக்கு முந்தின வருஷம் இருக்குது" என்று திருப்பிக் கொடுப்பாள். முறைத்துக்கொண்டே மாற்றி எழுதுவார்கள்.

அந்தக் கடைக்குத்தான் ராமகிருஷ்ணன் வந்தார். பெங்களூரில் பெரிய கம்பெனி ஒன்றில் இருபத்தைந்து வருஷம் இருந்துவிட்டு, மன அமைதி தேடி ரமணாசிரமத்துப் பக்கம் வீடு எடுத்துத் தங்கியிருப்பவர். மன அமைதி மூன்று மாதத்தில் சலித்துவிட்டது போலிருக்கிறது. ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார். மரம் நடுவதற்கும் நாய்களுக்குச் சோறு போடுவதற்கும் ஏற்கெனவே ஆள் இருந்ததால் இவர் வரலாற்றைப் பிடித்துக்கொண்டார். 'அருணை நினைவுக் களஞ்சியம்' என்று ஒரு இணையதளம். பழைய படங்கள், நோட்டீஸ்கள், கடிதங்கள், ஒலிப்பதிவுகள். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் இலவசமாகப் பார்க்கலாம்.

அவர் நகல் எடுக்கக் கொடுத்த பழைய நோட்டீசைப் பார்த்துவிட்டு சரசு, "இது கார்த்தி தீபத்துக்கு அடிச்சதில்ல சார், சித்ரா பௌர்ணமிக்கு. உள்ள படிச்சிப் பாருங்க" என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். அடுத்த மாதமே அவள் செங்கம் ரோட்டில் அவருடைய ஆபீசில் உட்கார்ந்திருந்தாள்.

ஆபீஸ் ஒரு காபிக்கடைக்கு மாடியில் இருந்தது. கீழே வெள்ளைக்காரர்களும், வெள்ளைக்காரர்களைப் போல உடுத்திய நம்மவர்களும், கம்பங்கூழைக் கண்ணாடிக் கோப்பையில் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள். மாடியில் வரலாறு நடந்தது. சரசுவுக்கு இரண்டில் எது மோசம் என்று சொல்லத் தெரியவில்லை.

களஞ்சியத்தில் ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் இருந்தன. முதல் வாரம் முழுக்க அவள் அவற்றைத்தான் படித்தாள். படிக்கப் படிக்க, விட்டுவிட்டு வந்த கணவன் எவ்வளவோ யோக்கியன் என்று தோன்றியது. ஒரே தபாலட்டை மூன்று இடத்தில் மூன்று வெவ்வேறு வருஷங்களோடு இருந்தது. குளத்தின் பெயர் போட வேண்டிய இடத்தில் வேறு ஊர்க் குளத்தின் பெயர். 'வாய்மொழி வரலாறு' என்ற பகுதியில் நாற்பது நிமிஷ ஒலிப்பதிவு ஒன்று. பேசியவர் யார், எந்த ஊர், எப்போது பேசினார் என்று ஒரு வரி கிடையாது, 'மூத்த விவசாயி' என்று மட்டும் இருந்தது. மூத்த விவசாயிக்குப் பெயர் இருந்திருக்காதா? பதிவு செய்ய வந்தவன் கேட்டிருக்க மாட்டான். எல்லாவற்றையும்விட அந்தத் தளத்தில் எல்லாமே 'சுமார் 1900'இல்தான் நடந்திருந்தது. தேர் சுமார் 1900, சந்தை சுமார் 1900, சாமியார் சுமார் 1900. சுமார் 1900 என்று போட்டிருந்த தெருப்படம் ஒன்றில் ஓரமாக அம்பாசடர் கார் நின்றுகொண்டிருந்தது.

"சார், இந்தக் கார் ஆயிரத்தித் தொள்ளாயிரத்துல எப்பிடி வந்துச்சு?"

ராமகிருஷ்ணன் சிரித்தார். அவருக்குக் கோபம் வராது; அதைப் பற்றி அவருக்குப் பெருமையும் உண்டு. "நீங்க ஷார்ப்மா. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டதே. மெதுவா ஒண்ணொண்ணா சரி பண்ணலாம்."

மெதுவாக ஒன்றொன்றாக அவள் சரி பண்ணத் தொடங்கினாள். ஒரு படத்துக்கு அரை நாள் ஆனது, சிலதற்கு இரண்டு நாள். நேரில் போய்ப் பார்த்தாள், ஆட்களைக் கேட்டாள், கேட்டவர் பெயரை எழுதினாள். தெரியாததைத் தெரியாது என்று எழுதினாள். அதை ராமகிருஷ்ணன் தினமும் மாலையில் நீக்கிவிட்டு 'ஆய்வில் உள்ளது' என்று மாற்றினார். தெரியாது என்றால் பார்ப்பவர்களுக்கு நம்பிக்கை போய்விடுமாம்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் ஒரு போன். வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் படிக்கும் பெண். "மேடம், சரஸ்வதி மேடம்தானே? உங்க களஞ்சியத்துல அந்தச் சந்தைப் படம் பாத்தேன். நீங்கதான் சரிபார்த்ததுன்னு போட்டிருக்கு. அதை நம்பி என் புராஜெக்ட்ல சேத்துட்டேன். எங்க சார் அதுல ஏதோ தப்புங்கறாரு. நீங்க சொல்லுங்க மேடம், சரிதானே?"

சரசு அந்தச் சந்தைப் படத்தைத் தொட்டதே இல்லை. தளத்தைத் திறந்து பார்த்தாள். படத்தின் அடியில், 'சரிபார்த்தவர்: மு. சரஸ்வதி.' அடுத்த படத்தைத் திறந்தாள். சரிபார்த்தவர்: மு. சரஸ்வதி. அம்பாசடர் காரைத் திறந்தாள். சரிபார்த்தவர்: மு. சரஸ்வதி. தேதி தப்பு, ஊர் தப்பு, ஆள் தப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் அவள் பெயர், அவள் அப்பாவின் முதலெழுத்தோடு.

"தப்பும்மா" என்றாள் போனில். "தூக்கிடு அத. நான் பாக்கல."

"ஆனா உங்க பேரு இருக்கே மேடம்?" என்றாள் அந்தப் பெண். குரலில் இருந்த மரியாதை பாதியாகக் குறைந்திருந்தது.

ராமகிருஷ்ணனிடம் கேட்டபோது அவர் பரிசு கொடுத்தவரைப் போல மலர்ந்தார். "ஆமாம்மா, நான்தான் போட்டேன். சாஃப்ட்வேர்ல அது கட்டாயக் கட்டம், காலியா விட்டா பதிவு ஏறாது. ரொம்ப நாளா 'குழு'ன்னு போட்டிருந்தோம். நீங்க வந்துட்டீங்களே, போன வாரம் ஒரே கிளிக்ல எல்லாத்துலயும் உங்க பேரை ஏத்திட்டேன். உங்க உழைப்புக்கு ஒரு அங்கீகாரம் வேண்டாமா?"

"நான் பாத்தது இருவது படம் சார்."

"மத்ததையும் பாக்கத்தானே போறீங்க?"

ஊரில் அவளை யாருக்கும் பிடிக்காது. அதை அவளும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சரசு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாவது ஒத்துக்கொண்டார்களே, அந்த ஒன்றுதான் அவள் சம்பாத்தியம். அதை எடுத்து ஒரு மனுஷன் ஆறாயிரம் குப்பைக்கு மூடியாகக் கவிழ்த்து வைத்துவிட்டு அங்கீகாரம் என்கிறான்.

களஞ்சியத்துக்கு ஒரு நட்சத்திரப் படம் இருந்தது. எண் 214. வேலூரில் பழைய சாமான் கடை ஒன்றில் ராமகிருஷ்ணன் பெட்டியோடு வாங்கிய முந்நூற்றுப் பன்னிரண்டு கண்ணாடித் தட்டு நெகட்டிவ்களில் ஒன்று. மண் சாலையில் பதினைந்து இருபது பேர், ஆணும் பெண்ணுமாக நடந்து போகிறார்கள். அவர்களுக்கு இடப்பக்கம் மலை. கிரிவலம் போகிறவர்கள் மலையை வலப்பக்கம் வைத்துத்தான் சுற்றுவார்கள். இவர்கள் இடப்பக்கம் வைத்திருக்கிறார்கள். கீதாஞ்சலி என்ற ஆராய்ச்சியாளர், ஏதோ தூரதேசத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி, இந்தப் படத்தை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். கோயிலுக்குள் விடப்படாத மக்கள் மலையை எதிர்த் திசையில் சுற்றித் தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்களாம். அதற்கு 'இடவல இயக்கம்' என்று பெயரும் வைத்துவிட்டார். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டி இன்னும் பலர் எழுதினார்கள். ஒருவர் அதற்கு வருஷமும் கண்டுபிடித்தார். அடி அண்ணாமலையில் இதற்கு ஒரு கல்வெட்டு வைக்க வேண்டும் என்று ராமகிருஷ்ணன் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரசு படத்தைப் பார்த்த அன்றே அவளுக்கு ஏதோ உறுத்தியது. ஆட்கள் நடக்கிற திசை அல்ல. அந்தச் சாலையில் ஊர்க்காரர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு இரண்டு பக்கமும்தான் போய் வருகிறார்கள், மலை எந்தப் பக்கம் இருந்தால் மாட்டுக்கு என்ன? உறுத்தியது மலைதான். இப்போது அதன் அடியிலும் தன் பெயர் இருந்ததால், போனில் படத்தை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பொன்னியும் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாளும் வாசலில் உட்கார்ந்து கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, இது எந்த ஊருன்னு சொல்லு."

பொன்னி பூவை மடியில் போட்டுவிட்டு போனை வாங்கினாள். "இன்னாடி இது, நம்ம மல மாதிரியும் கீது, நம்ம மல இல்லாத மாதிரியும் கீது."

வெள்ளையம்மாள் எட்டிப் பார்த்தாள். "மூஞ்சிய கண்ணாடில பாத்த மாதிரி இல்ல? சரிவு இந்தாண்ட தான இருக்கணும்? அந்தாண்ட போயிட்டுகீதே." கையாலேயே காற்றில் மலையை வரைந்து காட்டினாள். "யாருடி இவங்கல்லாம்? மலைய இடப்பக்கம் வெச்சிக்கினு, சாவுக்கு சுத்தற மாதிரி?"

"கோயிலுக்குள்ள உடலன்னு கோவத்துல திருப்பி சுத்தனாங்களாம். பெரிய பெரிய படிப்பு படிச்சவங்க எழுதியிருக்காங்க."

வெள்ளையம்மாள் கையிலிருந்த பூவைக் கீழே வைத்தாள். "எங்க ஜனத்த உடலன்றது நெசம். எங்க மாமனாரு அத பத்தி நாள் பூரா சொல்லுவாரு. அதக் கேக்க ஒருத்தரும் வர்ல. இத யாரு சொன்னாங்களாம்?"

"ஒருத்தரும் சொல்லல. படத்தப் பாத்து அவங்களே எழுதிட்டாங்க."

"தூ" என்றாள் வெள்ளையம்மாள், சுருக்கமாக.

மறுநாள் ஆபீசுக்குப் போனதும் சரசு பீரோவைத் திறந்து 214ஆம் தட்டை எடுத்தாள். விரலால் தொட்டதுமே தெரிந்துவிட்டது. பளபளப்புப் பக்கத்தை முகத்துக்கு நேரே வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மலை தன் இடத்துக்கு வந்தது. சரிவு இந்தாண்ட வந்தது. ஆட்களுக்கு வலப்பக்கம் மலை, ஊரில் எல்லாரும் சுற்றுகிற மாதிரியே. பெங்களூரிலிருந்து பத்து நாள் தொண்டு செய்ய வந்த கல்லூரிப் பிள்ளைகள் தட்டுகளை ஸ்கேனரில் வைத்திருக்கிறார்கள்; ஒருத்தன் ஒரு பக்கமாக வைத்தான், இன்னொருத்தன் மறுபக்கமாக வைத்தான். எது எப்படி வந்தது என்று பார்க்க அவர்களுக்கு மலையைத் தெரியாது. தெரிந்த ஒருத்தரைக் கேட்கவும் தோன்றவில்லை.

அதோடு விடவில்லை. தட்டின் ஓரத்தில் பென்சில் அகலத்துக்குக் கறுப்பு விளிம்பு ஒன்று இருந்தது. ஸ்கேன் செய்தவர்கள் அசிங்கமாக இருக்கிறது என்று எல்லாப் படத்திலும் அந்த விளிம்பை வெட்டி எறிந்திருந்தார்கள். அந்த விளிம்பில் படம் எடுத்தவர் ஊசியால் கீறி எழுதியிருந்தார்: 'காலண்டருக்கு. நாலாம் தரம்.'

சரசு வாய்விட்டுச் சிரித்தாள். இடவல இயக்கமாம். யாரோ ஒரு போட்டோக்காரர், காலண்டர் படத்துக்காக, போகிற வருகிறவர்களை நிறுத்தி, திரும்பத் திரும்ப நாலு தடவை நடக்க வைத்திருக்கிறார். வெயிலில் அவர்கள் முகம் கடுகடுவென்று இருந்தது. அந்தக் கடுகடுப்பைத்தான் 'வரலாற்றின் தீராத சினம்' என்று கட்டுரையில் எழுதியிருந்தார்கள்.

ராமகிருஷ்ணன் தட்டைப் பார்த்தார். விளிம்பைப் படித்தார். தேநீரை ஒரு மிடறு குடித்தார். பிறகு, "வரலாறுங்கறது ஒரே ஒரு உண்மை கிடையாதும்மா. பல பார்வைகள் இருக்கு" என்றார்.

"மல ஒண்ணுதான சார்."

"பதினஞ்சாம் தேதி மதிப்பீட்டுக்கு ஆள் வராங்க. தரச்சான்று கிடைச்சாதான் தளம் அடுத்த அஞ்சு வருஷத்துக்கு ஓடும். அதுவரைக்கும் இதைக் கிளற வேண்டாம், ப்ளீஸ். அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்ப என் பேர எடுத்துடுங்க."

"அதுவும் அப்புறம் பாத்துக்கலாம்."

மதிப்பீட்டுக்கு வந்தவர் முனைவர் அருள்ராஜ். இணையக் களஞ்சியங்களின் தரத்தை அளக்கும் நிபுணர் என்று ராமகிருஷ்ணன் அறிமுகப்படுத்தினார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், அதில் ஐம்பத்திரண்டு கேள்விகள். கீழே இருந்து வந்த காபியை நுரை மீசையில் ஒட்டக் குடித்துவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

"முகப்புப் பக்கம் உண்டா? உண்டு. 'எங்களைப் பற்றி' உண்டா? உண்டு. தேடும் வசதி? உண்டு. செல்போன்ல தெரியுதா?" தன் போனை எடுத்து ஒரு தட்டு தட்டினார். "தெரியுது. அருமை. படங்களுக்கு விளக்கம் உண்டா?"

"எல்லாத்துக்கும் உண்டு" என்றார் ராமகிருஷ்ணன்.

"உண்டு. காலக் குறிப்பு?"

"எல்லாத்துக்கும்."

சரசு பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவர் ஒரு படத்தைக்கூடத் திறக்கவில்லை. படங்களின் சின்ன உருவங்கள் வரிசையாக ஓடுவதைப் பார்த்தார். அவை ஓடுகிற வேகத்துக்கு ஐந்து மதிப்பெண் கொடுத்தார். முப்பத்தோராவது கேள்வியில் நின்று நிமிர்ந்து பார்த்தார்.

"'பதிவைச் சரிபார்த்தவர் பெயர் உண்டா?' இதுலதான் சார் எல்லாக் களஞ்சியமும் கோட்டை விடும். உங்ககிட்ட ஒவ்வொரு பதிவுலயும் இருக்கு! சரஸ்வதி மேடம் நீங்கதானா? ஆறாயிரத்துச் சொச்சமும் தனி ஆளாப் பாத்திருக்கீங்க. இதுக்கு முழுசா பத்து. உங்க பேராலதான் மேடம் இந்தப் பத்து."

ராமகிருஷ்ணன் தரையைப் பார்த்துச் சிரித்தார்.

சரசு பீரோவுக்குப் போனாள். தட்டைக் கொண்டுவந்து அருள்ராஜின் டேப்லெட் மேலேயே வைத்தாள். "சார், இது இந்தத் தளத்துல இருநூத்திப் பதினாலு. அத ஒரு வாட்டி தொறங்க. இதையும் தூக்கிப் பாருங்க. பக்கம் மாத்தி வெச்சிட்டாங்க. ஓரத்துல எழுதியிருக்கறத படிங்க."

அவர் பார்த்தார். படித்தார். புரிந்துகொண்டது அவர் முகத்தில் தெரிந்தது. அவர் முட்டாள் அல்ல. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தட்டை இரண்டு விரலால் எடுத்து மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, டேப்லெட்டைத் துடைத்துக்கொண்டார்.

"இது கன்டென்ட் மேடம். நான் பார்க்க வந்தது குவாலிட்டி."

"இன்னா சார் சொல்றீங்க?"

"உள்ள என்ன இருக்குங்கறது துறை வல்லுநர்கள் பொறுப்பு. அமைப்பு சரியா இருக்கான்னுதான் என் படிவம் கேக்குது. பாருங்க, ஐம்பத்திரண்டு கேள்வியில 'உண்மையா'ன்னு ஒரு கேள்வி இல்ல."

"ஆராய்ச்சி பண்றவங்க இத நம்பித்தான சார் எழுதறாங்க?"

"அவங்க சரிபார்த்தவர் பேரைப் பாத்துத்தான் நம்பறாங்க. அது உங்க பேருதான்."

சரசு ராமகிருஷ்ணன் பக்கம் திரும்பினாள். "என் பேர எடுங்க சார். இப்பவே."

"கட்டம் காலியா இருந்தா பதிவு ஏறாதும்மா. சொன்னேனே. ஆறாயிரம் பதிவும் தளத்துலருந்து மறைஞ்சிடும்."

"காலியா ஏன் உடணும்? உங்க பேரப் போட்டுக்குங்க."

கீழே காபிக்கடையில் யாரோ கிதாரை மீட்டிக்கொண்டிருந்தார்கள். ராமகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "நான் நிறுவனர்மா. நான் எப்படி? நானா எல்லாத்தையும் பாத்தேன்?"

"நானும்தான் பாக்கல. என் பேர எப்பிடிப் போட்டீங்க? ஒரே கிளிக்தான? அதே மாதிரி ஒரே கிளிக்ல உங்களுது போடுங்க. கட்டுர எழுதனவங்களையும் கேளுங்க, அவங்க பேரக் குடுப்பாங்களான்னு." அருள்ராஜைப் பார்த்தாள். "இல்லன்னா சாரோடத போடுங்க. பத்துக்குப் பத்து குடுத்தாரே, நம்பிக்க இல்லாமயா குடுத்தாரு?"

"நான் வெளியாள் மேடம்" என்றார் அருள்ராஜ் அவசரமாக. "எனக்கு இந்த ஊர் வரலாறு எதுவும் தெரியாது."

"எனக்குத் தெரியும் சார். அதனாலதான் வேணாங்கறேன்."

அருள்ராஜுக்கு மதியச் சாப்பாடு சொல்லியிருப்பது ராமகிருஷ்ணனுக்கு நினைவுக்கு வந்து, அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போவது போலக் கீழே அழைத்துப் போனார். படிக்கட்டில், "உணர்ச்சிவசப்படற டைப். நல்ல உழைப்பாளி" என்று ராமகிருஷ்ணன் சொல்வது மேலே கேட்டது.

சரசு கணினி முன்னால் உட்கார்ந்தாள். தான் உண்மையிலேயே பார்த்துக் கேட்டு எழுதிய பதிவுகளைத் தனியாகப் பிரித்தாள். நாற்பத்தொன்று. அவற்றில் 'ஆய்வில் உள்ளது' என்று மாற்றப்பட்டிருந்த இடங்களிலெல்லாம் 'தெரியாது' என்று மறுபடி போட்டாள். 214ஐ எடுத்து, படத்தைத் திருப்பி நேராக்கினாள். விளக்கத்தை முழுக்க அழித்துவிட்டு எழுதினாள்: 'அடி அண்ணாமலைச் சாலை. மக்கள் மலையை வலமாக நடக்கிறார்கள். முன்பு இந்தப் படம் இடவலமாக மாறி வெளியிடப்பட்டிருந்தது. அதை வைத்து எழுதப்பட்டவை இந்தப் படத்தைச் சான்றாகக் காட்ட முடியாது. தட்டின் ஓரத்தில் "காலண்டருக்கு. நாலாம் தரம்" என்று உள்ளது. எடுத்தவர் தெரியாது. ஆண்டு தெரியாது. நடப்பவர்கள் பெயர் தெரியாது.' அதன் அடியில் தன் பெயரைத் தானே அடித்தாள். நாற்பத்திரண்டு.

மீதி ஆறாயிரத்து முந்நூற்று எழுபது. அவற்றையெல்லாம் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தாள். சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் கணினி ஒரு பெயரைக் கேட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. 'யாருமில்லை' என்று அடித்தாள். ஒரே கிளிக். கணினி சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது. கைப்பையை எடுத்துக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த இருவரையும் தாண்டி, பஸ்சுக்கு நடந்தாள்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? தளம் பூரா 'யாருமில்லை, யாருமில்லை'ன்னு... பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" ராமகிருஷ்ணனுக்குக் கோபம் வந்திருந்தது. கடைசியில் வந்தே விட்டது.

"பேரு குடுங்க சார். யாரு பேரா இருந்தாலும் சரி, அவங்க சரின்னு சொன்னா போதும். வந்து அரை மணில மாத்திக் குடுத்துட்டுப் போறேன்."

அவர் போனை வைத்துவிட்டார். வேலையிலிருந்து நீக்கியதாக அவர் சொல்லவில்லை. 'சிறிது காலம் ஓய்வெடுங்கள்' என்று இரண்டு கை கூப்பிய படத்தோடு செய்தி அனுப்பினார். சரசு வேங்கிக்கால் ஜெராக்ஸ் கடைக்குத் திரும்பிப் போனாள்.

மூன்றாவது வாரம் மதிப்பீட்டு முடிவு வெளிவந்தது. களஞ்சியத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று, முதல் தரம். தளத்தின் முகப்பிலேயே அந்த அறிக்கையைப் போட்டிருந்தார்கள். மனு எழுத வந்த ஒருவரின் நகல் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் சரசு அதைப் போனில் திறந்து முப்பத்தோராவது கேள்விக்குப் போனாள். பதிவைச் சரிபார்த்தவர் பெயர் உண்டா? 'அனைத்துப் பதிவுகளிலும் உண்டு. 10/10.'

பதிவுகளையும் திறந்து பார்த்தாள். நாற்பத்திரண்டில் அவள் பெயர் அப்படியே இருந்தது. மற்ற ஆறாயிரத்து முந்நூற்று எழுபதிலும் 'யாருமில்லை' அப்படியே இருந்தது; இன்னும் யாரும் பெயர் கொடுத்திருக்கவில்லை.